மேற்கே தள்ளப்பட்ட பெயர்: அயர்லாந்துக் குறிப்புகள்

வெள்ளி, கேர்

தங்கை மகன் கார்க் நகரில் வேலை பார்க்கிறான். அவனுடைய அலுவலகத்தில் முதற்பெயரும் ஒன்றே, குடும்பப் பெயரும் ஓ'சல்லிவன் என்று ஒன்றே என்பவர்கள் பலர் இருக்கிறார்களாம். ஒருவருக்குப் போக வேண்டிய மின்னஞ்சல் இன்னொருவருக்குப் போய், விடுப்பே கேட்காதவருக்கு விடுப்பு கிடைத்த கதையை நேற்று இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிச் சிரித்தான். "இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தாலும் ஒரு சல்லிவன் மேல்தான் விழும், மாமா."

கோயம்புத்தூர்க்காரனான எனக்குச் சல்லிவன் என்றால் ஒரே ஆள்தான். ஊட்டியை உருவாக்கியவர் என்று பாடப் புத்தகம் சொல்லும் கலெக்டர் ஜான் சல்லிவன். (தோடர்களும் படகர்களும் அதற்கு முன்பே அந்த மலையில் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.) கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீட்டை இன்று நினைவகமாக வைத்திருக்கிறார்கள். அவர் 1788இல் லண்டனில் பிறந்தவர். ஆனால் பெயர் லண்டன் பெயரல்ல. அது எங்கே முளைத்தது, எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்துவிடலாமே என்றேன். அவனுக்கு விடுப்பு இருந்தது, எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது. காலையில் கிளம்பிவிட்டோம்.

முளைத்த இடம் கார்க்கில் இல்லை. டிப்பெரரி மாவட்டத்தில், கேர் என்ற சிற்றூருக்கு வடக்கே நாக்கிராஃபன் என்னும் இடம். சூர் ஆற்றங்கரைக்குச் சற்று மேலே, செங்குத்தான புல்மேடு ஒன்று. ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. உச்சியில் காற்றும் ஆட்டுப் புழுக்கையும் தவிர ஒன்றுமில்லை. 1192இல், இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்த நார்மானியர்கள் எழுப்பிய மண்கோட்டை இது. அதற்கு முன் இந்த வளமான சமவெளி ஓ'சல்லிவன்களுடையது. காஷெல் பாறையிலிருந்து மன்ஸ்டர் மாகாணத்தை ஆண்ட அரச குலத்தின் கிளை அவர்கள். நார்மானியர்கள் வந்ததும் மேற்கே, கடலோர மலைகளுக்கு, தள்ளப்பட்டார்கள்.

அயர்லாந்தில் குடும்பப் பெயர்கள் 10, 11ஆம் நூற்றாண்டுகளிலேயே நிலைத்துவிட்டன. ஐரோப்பாவில் இவ்வளவு சீக்கிரம் அது நடந்த இடங்கள் குறைவு. முன்னால் வரும் 'ஓ' வழிவந்தவன், பேரன் என்பதைச் சொல்கிறது. நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இவர்களோ ஒரு தாத்தாவைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுகளாக விடவில்லை. சல்லிவன்களின் தாத்தா பெயரில் முற்பாதி 'கண்' என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கரிய கண்ணா, ஒற்றைக் கண்ணா என்பதில்தான் அறிஞர்களுக்குள் சண்டை. கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காகத் தன் கண்ணையே பிடுங்கிக் கொடுத்த மூதாதை என்று ஒரு கதையும் உண்டு. கண்ணப்பரை அறிந்த நமக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது.

கேர் கடைத்தெருவில் நடந்தபோது பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு போனேன். ரயன் இருக்கிறார், பட்லர் இருக்கிறார். சல்லிவன் ஒருவரும் கண்ணில் படவில்லை.

சனி, கென்மேர்

மேற்கே போகப் போக நிலம் மாறுகிறது. புல்வெளி மறைந்து பாறையும் சதுப்பும் வருகின்றன. கூடவே கடைப் பலகைகளும் மாறுகின்றன. இறைச்சிக் கடை ஓ'சல்லிவன், மருந்துக் கடை ஓ'சல்லிவன், சவ அடக்க ஏற்பாட்டாளர் ஓ'சல்லிவன். பிறப்பு முதல் இறப்பு வரை ஒரே பெயரோடு முடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்து ராபர்ட் மேத்சன் என்ற பதிவுத்துறை அதிகாரி நாடு முழுவதற்கும் ஒரு கணக்குப் போட்டார். மர்ஃபி முதலிடம், கெல்லி இரண்டாமிடம், சல்லிவன் மூன்றாமிடம். சல்லிவன்கள் ஏறத்தாழ 43,600 பேர். ஆனால் மர்ஃபியையும் கெல்லியையும் போல நாடெங்கும் பரவிய பெயரல்ல இது. பெரும்பகுதி கார்க், கெர்ரி என்ற இரண்டே மாவட்டங்களில் குவிந்திருந்தது. இன்றும் அப்படித்தான்.

இங்கு வந்து சேர்ந்த பிறகு குலம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த கிளை ஓ'சல்லிவன் மோர், கென்மேர் குடாவின் வடகரையில் டன்கெரன் கோட்டையில் இருந்தது. இளைய கிளை ஓ'சல்லிவன் பேரா, தென்கரையில் பேரா தீபகற்பத்தைப் பிடித்துக்கொண்டது. மூத்த கிளையிலிருந்து மக்கில்லிகடி என்று இன்னொரு பெயரும் கிளைத்தது. அயர்லாந்தின் மிக உயரமான மலைத்தொடரை மக்கில்லிகடி ரீக்ஸ் என்றுதான் அழைக்கிறார்கள். அதாவது 1,038 மீட்டர் உயரமுள்ள காரன்டூஹில் சிகரமும் ஒரு வகையில் சல்லிவன் வீட்டுச் சொத்து. டன்கெரனில் மிச்சமிருப்பது கொடி படர்ந்த சுவர்கள்தான்.

கென்மேர் ஊர் சல்லிவன்கள் கட்டியதல்ல. இங்கிலாந்தின் கிராம்வெல் படை நாட்டைப் பிடித்த பிறகு, பறிமுதல் செய்த நிலங்களை அளப்பதற்கு வில்லியம் பெட்டி என்ற மருத்துவர் அமர்த்தப்பட்டார். அளந்தவர் கையிலேயே தென்கெர்ரியின் பெரும்பகுதி வந்து சேர்ந்தது எப்படி என்று கேட்கக் கூடாது. 1670இல் அவர் நிறுவிய ஊர் இது. அவருடைய வழிவந்தவர்கள் லான்ஸ்டவுன் பிரபுக்கள். அவர்களில் ஒருவர் 1888 முதல் 1894 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். உத்தராகண்டில் அவர் பெயரில் ஒரு மலைவாசஸ்தலமே இருக்கிறது.

உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது லான்ஸ்டவுன் நிலத்தில் குடியிருந்தவர்கள் கென்மேர் ஏழைகள் விடுதியில் நிரம்பி வழிந்தார்கள். 1849இல் பண்ணைப் பொறுப்புக்கு வந்த வில்லியம் டிரெஞ்ச் என்ற நிர்வாகி கணக்குப் பார்த்தார். இவர்களுக்கு விடுதியில் சோறு போடுவதைவிடக் கப்பல் டிக்கெட் மலிவு. 1851 தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பிரபுவின் செலவில் அமெரிக்காவுக்கு ஏற்றிவிட்டார். கந்தல் உடையோடு அவர்கள் நியூயார்க்கில் இறங்கிக் குடியேறியது ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பேர்போன சேரியில். அந்தச் சேரியில் சல்லிவன் என்ற பெயர் திடீரென்று பெருகியதற்கு இந்த ஒரு பண்ணையின் கணக்குப் புத்தகம் முக்கியக் காரணம். டிரெஞ்ச் செய்தது இரக்கமா வணிகமா என்று இங்கே இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு அதில் விவாதிக்க ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிறு, காசில்டவுன்பேர்

வழியில் டெரீன் தோட்டம். மக்ஃபினின் டூ என்ற சல்லிவன் கிளையின் வசம் இருந்த இடம் பிறகு லான்ஸ்டவுன் குடும்பத்தின் கோடைக்கால வீடாயிற்று. அவர்கள் ஆஸ்திரேலியப் பகுதியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரப் பெரணிகள், வளைகுடா நீரோட்டத்தின் கதகதப்பில் இங்கே தாமாகவே பெருகிக் காடாகிவிட்டன. பாசி பிடித்த தண்டுகளுக்கு நடுவே ஈரம் சொட்டச் சொட்ட நடந்தபோது நீலகிரிச் சோலைக்குள் இருப்பதுபோல இருந்தது. வெளியே வந்ததும் பத்து டிகிரி குளிர், சாய்ந்தடிக்கும் மழை.

காசில்டவுன்பேர் பெரிய மீன்பிடித் துறைமுகம். படகுகள் வீதியை ஒட்டியே கட்டப்பட்டிருக்கின்றன. ஐஸ் லாரிக்கும் தேவாலயத்துக்கும் இடையே பத்தடிதான். நாங்கள் தங்கிய வீட்டு அம்மையார் எழுபதைத் தாண்டியவர். பிறந்த வீடும் சல்லிவன், புகுந்த வீடும் சல்லிவன். "கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றும் செலவு எனக்கு மிச்சம்" என்றார். உறவில்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பாதிரியார் பார்த்துச் சொல்லிவிட்டார், இல்லை என்று."

சமையலறை மேசையில் சோடா ரொட்டியை அறுத்துக்கொண்டே அவர் விளக்கினார். இந்தத் தீபகற்பத்தில் சல்லிவன் என்று சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. மூதாதை ஒருவரின் தலைமுடி நிறத்தில் வந்தவை 'ருவா' (செம்பட்டை), 'பான்' (வெளிர்நிறம்). தாத்தாவின் பெயரால், தொழிலால், இருந்த பாறையின் பெயரால் வந்தவையும் உண்டு. அஞ்சல்காரருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. 2015இல் வீட்டுக்கு வீடு தனித்தனி அஞ்சல் குறியீடு கொடுக்கும் எயர்கோடு முறை வந்த பிறகும், அவருடைய தெருவில் கூரியர் பையன் வண்டியை நிறுத்திப் பட்டப்பெயரைத்தான் கேட்கிறானாம்.

"உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று அவர் பதிவேட்டை நீட்டினார். அப்பா பெயரை எழுதினேன். "ஓ, அப்படியானால் இந்தத் தம்பியும் அதே பெயரா?" என்று மருமகனைக் காட்டினார். அவன் தன் அப்பா பெயரை எழுதினான். அம்மையார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊர் அஞ்சல்காரர் பாவம்" என்றார்.

திங்கள், டன்பாய்

ஊருக்குத் தெற்கே சிறிது தூரத்தில் டன்பாய். மருமகன் கோட்டை என்றதும் கோபுரமும் மதிலும் எதிர்பார்த்திருந்தான். கண்டது இடுப்புயரச் சுவர்களின் அடித்தடம். மேலே புல். நடுவே பீரங்கிக் குண்டு பெயர்த்ததுபோல ஒரு பள்ளம். அதில் மழைநீர் தேங்கியிருந்தது.

1601 இறுதியில் கின்சேலில் அயர்லாந்துப் படையும் அதற்குத் துணைவந்த ஸ்பானியப் படையும் ஆங்கிலேயரிடம் தோற்றன. பேராவின் தலைவர் டோனல் காம் ஓ'சல்லிவன் அடங்கவில்லை. 1602 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி ஜார்ஜ் கரூ ஆயிரக்கணக்கான படையோடும் பீரங்கிகளோடும் இந்தச் சிறு கோட்டையைச் சூழ்ந்தார். உள்ளே 143 பேர். டோனல் காம் அப்போது கோட்டையில் இல்லை. தலைமை தாங்கிய ரிச்சர்ட் மகேகன் குற்றுயிராகக் கிடந்த நிலையிலும் கையில் மெழுகுவர்த்தியோடு வெடிமருந்துப் பீப்பாய்களை நோக்கித் தவழ்ந்தார். எட்டுவதற்குள் குத்திக் கொன்றுவிட்டார்கள். பிடிபட்டவர்களைக் காசில்டவுன்பேர் சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். நாங்கள் காலையில் காப்பி குடித்தது அந்தச் சதுக்கத்தில்தான் என்பதை மருமகன் வரும் வழியில் படித்துச் சொன்னான்.

இங்கு வருபவர்கள் முற்றுகையோடு கதையை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய மாளிகைதான் இன்னும் முக்கியமாகப் பட்டது. பக்ஸ்லி என்ற குடும்பத்தின் வீடு. சல்லிவன்கள் இழந்த நிலம் அவர்களுக்கு வந்தது. 1754இல் ஜான் பக்ஸ்லி என்ற சுங்க அதிகாரியை மோர்டி ஓக் ஓ'சல்லிவன் சுட்டுக் கொன்றார். மோர்டி கள்ளக்கடத்தல்காரர், பிரெஞ்சுப் படைக்கு ரகசியமாக ஆள் சேர்த்தவர். சில வாரங்களில் சிப்பாய்கள் ஐரீஸ் கிராமத்தில் அவர் வீட்டைக் கொளுத்தி அவரைச் சுட்டார்கள். உடலைக் கப்பலின் பின்புறம் கயிற்றில் கட்டிக் கடல்வழியே கார்க் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். பக்ஸ்லிகள் நிலைத்தார்கள், செம்புச் சுரங்கம் வெட்டினார்கள், மாளிகையைப் பெரிதாக்கினார்கள். 1921இல், ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஐரியக் (அயர்லாந்துக்) குடியரசுப் படை அதைக் கொளுத்தியது. இந்த நூற்றாண்டில் அதை ஆடம்பர ஹோட்டலாக மாற்றத் தொடங்கிய வேலை, 2008 பொருளாதாரச் சரிவில் பாதியில் நின்றது. புதுக்கூரை போட்ட மாளிகை ஆளில்லாமல் நிற்கிறது. இருபது நிமிட நடைக்குள் இவ்வளவும் முடிந்துவிடுகிறது.

செவ்வாய், டர்சி

தீபகற்பத்தின் நுனியில் ஒரு தீவு. அயர்லாந்தில் கடல்மேல் போகும் ஒரே கேபிள் கார் 1969 முதல் இங்கு ஓடுகிறது. இடையிலுள்ள கடலின் அகலம் ஏறத்தாழ 250 மீட்டர்தான், ஆனால் கீழே ஓடும் நீரோட்டத்தில் படகு விட உள்ளூர்க்காரர்களே யோசிப்பார்கள். ஆறு பேர் உட்காரும் பெட்டி, காற்றடித்தால் ஆடுகிறது. முன்பெல்லாம் ஆடுமாடுகளும் இதிலேயே போய்வந்திருக்கின்றன.

தீவில் கடை கிடையாது, மதுக்கடையும் கிடையாது. 1602இல் டன்பாய் முற்றுகையோடு இங்கும் ஒரு படைப்பிரிவு வந்து, அடைக்கலம் புகுந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் கூடப் பாறை விளிம்பிலிருந்து கடலில் தள்ளியது. அதை எழுதிவைத்தவர் இந்தக் குடும்பத்திலேயே பிறந்த பிலிப் ஓ'சல்லிவன் பேரா. சிறுவனாக ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டவர். 1621இல் லிஸ்பனில் லத்தீன் மொழியில் அவர் அச்சிட்ட வரலாறு இல்லையென்றால், தோற்றவர் பக்கத்துக் கதை நமக்குக் கிடைத்திருக்காது. சொந்தக்காரர் எழுதியது என்பதால் சற்றுத் தள்ளிவைத்துத்தான் படிக்க வேண்டும். அதற்காகக் கரூவின் பக்கத்தை மட்டும் நம்பிவிடவும் முடியாது.

புதன், அலிஹீஸ்

மலைச்சரிவில் தனியே நிற்கும் உயரமான கல்கட்டடம், பக்கத்தில் புகைபோக்கி. 1862இல் கட்டிய எந்திர வீடு. செங்குத்துச் சுரங்கத்துக்குள் ஒரு நீண்ட மரத்தண்டு நீராவியால் மேலும் கீழும் போகும். தண்டில் இடைவெளி விட்டுப் படிகள். தொழிலாளி படியில் ஏறி நிற்பான்; தண்டு சில அடி தூக்கும்; சுவர் ஓரத்து மேடைக்குத் தாவுவான்; தண்டு இறங்கும்; அடுத்த படிக்குத் தாவுவான். இப்படியே நூற்றுக்கணக்கான அடி. கால் தவறினால் அவ்வளவுதான். அதற்கு முன் இத்தனை ஆழத்துக்கும் ஏணியில்தான் ஏறி இறங்கினார்கள்.

1812இல் பக்ஸ்லி தொடங்கிய சுரங்கம். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த தேர்ந்த தொழிலாளர்களுக்குக் கல்வீடு. அவர்களுக்கென்று 1845இல் ஒரு மெதடிஸ்ட் தேவாலயம். பாறை உடைத்த சல்லிவன்களுக்கும் ஹாரிங்டன்களுக்கும் மண் குடிசை. அந்தத் தேவாலயம்தான் இப்போது செம்புச் சுரங்க அருங்காட்சியகம். தாது விலை விழுந்து 1880களில் சுரங்கம் மூடியபோது, கையில் நிலமில்லாத ஆனால் நிலத்தடியில் வேலை தெரிந்த ஒரு கூட்டம் மிச்சமானது.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் மான்டானாவில் பியூட் என்ற மலையூரில் செம்பு கொப்பளித்துக்கொண்டிருந்தது. உலகமெங்கும் மின்சாரக் கம்பி இழுத்த காலம். அனகோண்டா என்ற செம்பு நிறுவனத்தைக் கட்டிய மார்கஸ் டேலி கேவன் மாவட்டத்து ஐரியர். தன் நாட்டவருக்கு வேலை கொடுக்கத் தயங்காதவர். முதலில் போனவன் தம்பிக்கு டிக்கெட் அனுப்பினான், தம்பி மச்சானுக்கு அனுப்பினான். அமெரிக்காவில் எங்கும் நிற்காதே, நேரே பியூட்டுக்குப் போ என்று சொல்லியனுப்புவார்களாம். பெயர்ப் பரவல் வரைபடத்தில் பாஸ்டன், நியூயார்க் தடிமனாக இருப்பது யாருக்கும் புரியும். அந்தக் கிழக்குக் கடற்கரையிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ராக்கி மலைக்கு நடுவே ஒரு சல்லிவன் குவியல் ஏன் என்பதற்கு விடை, இந்தச் சரிவில் பச்சைக் கறை படிந்த கற்களில் இருக்கிறது. மருமகன் ஒன்றை எடுத்துப் பையில் போட்டான். நான் திரும்ப வைக்கச் சொன்னேன்.

வியாழன், கிளென்கேரிஃப்

கிழக்கே திரும்பும் வழியில் ஆட்ரிகோல். 1942 நவம்பரில் சாலமன் தீவுகளுக்கு அருகே மூழ்கிய யுஎஸ்எஸ் ஜூனோ போர்க்கப்பலில் ஐந்து சகோதரர்கள் இறந்தார்கள்; அயோவா மாநிலத்து சல்லிவன்கள். அவர்களுடைய கொள்ளுத் தாத்தா பஞ்சக் காலத்தில் இந்தப் பகுதியிலிருந்து கப்பலேறியவர். அவர்கள் நினைவாக அமெரிக்கக் கடற்படை ஒரு கப்பலுக்குத் 'தி சல்லிவன்ஸ்' என்றே பெயரிட்டது.

கிளென்கேரிஃப் காடு அடர்ந்த குடா. டன்பாய் விழுந்த பிறகு 1602 டிசம்பர் 31 அன்று டோனல் காம் இங்கிருந்துதான் வடக்கே புறப்பட்டார். ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களில் நானூறு பேர் மட்டுமே போர்வீரர்கள். பனி, பசி, வழியெல்லாம் தாக்குதல். ஷானன் ஆற்றைக் கடக்கப் படகு இல்லை. குதிரைகளைக் கொன்று, இறைச்சியைத் தின்று, தோலை மரச்சட்டத்தில் போர்த்திப் படகாக்கினார்கள். இரண்டு வாரத்தில் லீட்ரிமில் ஓ'ரூர்க் கோட்டையின் கதவைத் தட்டியவர்கள் 35 பேர். அவர்களில் பெண் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் இறக்கவில்லை. வழியில் சோர்ந்து விழுந்தும் பிரிந்தும் போனவர்கள் பலர். டோனல் காம் ஸ்பெயினுக்குப் போய் 1618இல் மட்ரிட் தெருவில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். குத்தியவரும் அயர்லாந்துக்காரர்தான்.

கூட்டிப்போக முடியாத மனைவியையும் குழந்தையையும் அவர் இந்த மலையில் ஒளித்துவைத்தார். காவலிருந்தவர் கழுகுக் கூட்டுக்கு ஏறி, குஞ்சுகளுக்குத் தாய்க்கழுகு கொண்டுவந்த இறைச்சியை எடுத்துவந்து அவர்களைக் காப்பாற்றியதாகக் கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் அயர்லாந்தில் கழுகே இல்லாமல் போயிற்று. 2007இல் நார்வேயிலிருந்து வெண்வால் கழுகுகளைக் கொண்டுவந்து கில்லார்னியில் விட்டார்கள். ஒரு ஜோடி இந்தக் குடாவிலேயே கூடு கட்டுகிறது. படகுக்காரர் எஞ்சினை நிறுத்திக் கையைக் காட்டினார். பைன் மர உச்சியில் பழுப்பாக ஏதோ உட்கார்ந்திருந்தது. கழுகென்று அவர் சொன்னார், நம்பினேன்.

வெள்ளி, கோவ்

கார்க் துறைமுகத்தின் வாசல் இந்த ஊர். 1848க்கும் 1950க்கும் இடையே அயர்லாந்தை விட்டுப் போன அறுபது லட்சத்துக்கும் அதிகமானோரில் 25 லட்சம் பேர் இந்தக் கரையிலிருந்துதான் கப்பலேறினார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் வெறும் சல்லிவன், இங்கே ஓ'சல்லிவன். ஏன் என்று கேட்டால், நியூயார்க்கில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவின் குமாஸ்தா அலட்சியத்தில் வெட்டிவிட்டார் என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். நல்ல கதை, உண்மையல்ல. பயணிகள் பட்டியலைக் கப்பல் நிறுவனம் புறப்படும் துறையிலேயே எழுதிவிடும். அங்கே அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல். அதற்கு வெகுகாலம் முன்பே, ஆங்கில ஆட்சியில் ஆங்கிலப் பதிவேடுகளுக்குள் போன சல்லிவன்கள் ஊரிலேயே 'ஓ'வை உதிர்த்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிய மொழி மறுமலர்ச்சி எழுந்தபோது ஊரில் இருந்தவர்கள் அதைத் திரும்ப எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். முன்பே போய்விட்டவர்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. ஆகவே பெயரின் முன்னால் 'ஓ' இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துக் குடும்பம் கப்பலேறிய காலத்தை ஓரளவுக்கு ஊகிக்கலாம். ஓரளவுக்குத்தான்.

நீர்முனையில் சோனியா ஓ'சல்லிவனின் சிலை, ஓடும் கோலத்தில். சிட்னி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் வெள்ளி வென்றவர். இந்த ஊர்ப் பெண். பக்கத்தில் அமெரிக்கர் ஒருவர் புகைப்படம் எடுத்துத் தரச் சொல்லி போனை நீட்டினார். உல்லாசக் கப்பலில் வந்தவர், பாஸ்டன்காரர், பெயர் சொல்லத் தேவையில்லை. கப்பல் இரண்டு நாள் நிற்கிறது, நாளை பேரா போய்த் தாத்தாவின் வீட்டைத் தேடப் போகிறேன் என்றார்.

"குடும்பத்தின் பட்டப்பெயர் தெரியுமா ஐயா?" என்று மருமகன் கேட்டான். அவர் விழித்தார். அது இல்லாமல் அங்கே போய்ச் சல்லிவன் வீடு எது என்று கேட்டால் ஊரே கையை உயர்த்தும் என்று விளக்கினோம். அவர் அங்கேயே நின்று தன் அத்தைக்குப் போன் போட்டார். எங்களுக்குக் காலை பத்து மணி, பாஸ்டனில் ஐந்து. நீண்ட நேரம் மணி அடித்தது. பிறகு எடுத்த அம்மாள் திட்டிய திட்டு எங்களுக்கும் நன்றாகக் கேட்டது.